கைக்கடிகார டயலின் நிறம்: எந்த வெளிச்சத்தில் எது தெளிவாகத் தெரியும்? முதன்முதலாக வாங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

பெங்களூரில் கைக்கடிகாரம் வாங்க நினைப்பவர்களில் பெரும்பாலோர் வேலை முடிந்த பிறகு, மாலை ஏழு மணிக்குமேல் கமர்ஷியல் தெருவிலோ சிக்பேட்டையிலோ உள்ள ஒரு கடைக்குள் நுழைகிறார்கள். கடையின் கூரையில் சிறிய, கூர்மையான விளக்குகள் வரிசையாகப் பதிக்கப்பட்டிருக்கும். அந்த விளக்கு ஒவ்வொன்றும் மெருகேற்றிய முள்ளில் ஒரு நட்சத்திரமாக மின்னும். நீல டயல் ஆழ்கடல்போல் ஒளிரும். பச்சை டயல் மழை நனைத்த இலைபோல் தோன்றும். ஆனால் அந்த வெளிச்சம் நம் வீட்டில் இல்லை, அலுவலகத்தில் இல்லை, பேருந்து நிறுத்தத்திலும் இல்லை. கடை வெளிச்சத்தில் தேர்ந்தெடுத்த டயலை நாம் வாழ்நாளெல்லாம் வேறு வெளிச்சங்களில்தான் பார்க்கப் போகிறோம் என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன்பு நான் அப்படி ஒரு நீல டயல் வாட்ச் வாங்கினேன். முட்கள் வெள்ளி நிறத்தில் பளபளத்தன. வாங்கிய அடுத்த வாரம், சேலம் செல்லும் ரயிலைப் பிடிப்பதற்காக விடியற்காலையில் கன்டோன்மென்ட் நிலையத்துக்கு வெளியே, சாலையோர மஞ்சள் விளக்கின் கீழ் நின்றபடி மணி பார்த்தேன். நீலம் முழுவதும் கறுத்துப்போயிருந்தது; முட்கள் அந்தக் கறுப்புக்குள் கரைந்துவிட்டிருந்தன. மணிக்கட்டை இப்படியும் அப்படியும் திருப்பிய பிறகே ஒரு முள் மட்டும் மின்னிக் காட்டியது, அது மணி முள்ளா நிமிட முள்ளா என்பதும் உடனே விளங்கவில்லை. பிறகு சிவாஜிநகரில் வாட்ச் பழுது பார்க்கும் ஒரு பெரியவரிடம் இதைச் சொன்னபோது, அவர் கண்ணில் பொருத்தியிருந்த லென்ஸைக் கழற்றாமலேயே சொன்னார்: “தம்பி, எல்லாரும் டயலைப் பாத்துதான் வாங்குறாங்க. மணி காட்டுறது டயல் இல்லீங்க, முள்ளு. முள்ளைப் பாத்து வாங்குங்க.”

இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போவது பெரும்பாலும் அவர் சொன்னதன் விரிவே. டயலின் நிறம் முக்கியம்தான். ஆனால் அது தனியாக எதையும் செய்வதில்லை. முள்ளுக்கும் டயலுக்கும் இடையே எவ்வளவு வேறுபாடு இருக்கிறது, அந்த வேறுபாடு நீங்கள் அதிகமாக மணி பார்க்கும் வெளிச்சத்தில் நிலைத்து நிற்கிறதா என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்துவிட்டால் நிறத்தைத் தேர்ந்தெடுப்பது எளிது.

முதல் படி: நீங்கள் எங்கே மணி பார்க்கிறீர்கள் என்று எழுதிப் பாருங்கள்

கடைக்குப் போவதற்கு முன், இரண்டு நாட்கள் நீங்கள் மணிக்கட்டைப் பார்க்கும் இடங்களைக் கைப்பேசியில் குறித்து வாருங்கள். வாட்ச் இல்லாதவர்கள் கைப்பேசியில் மணி பார்க்கும் இடங்களைக் குறிக்கலாம். எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை செய்பவரின் பட்டியலும், கே.ஆர். மார்க்கெட்டில் விடியுமுன் பூ எடுக்க வருபவரின் பட்டியலும், இரவுப் பணி பார்க்கும் செவிலியரின் பட்டியலும் ஒன்றாக இருக்காது.

இந்த இடங்களின் வெளிச்சம் எவ்வளவு வேறுபடுகிறது என்பதை நம் கண் நமக்குச் சொல்வதில்லை, ஏனென்றால் கண் எல்லாவற்றுக்கும் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அளவால் குறிப்பார்கள். ஏப்ரல் மாத நண்பகலில் நேரடி வெயில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். மேகம் மூடிய பகலில் அது ஏறத்தாழ 10,000 லக்ஸாகக் குறையும். நல்ல அலுவலகத்தில் மேசை மேல் 300 முதல் 500 லக்ஸ் இருக்கும். தெருவிளக்கின் கீழ் 10 லக்ஸ் அளவில்தான் இருக்கும். முழு நிலவின் ஒளியோ அரை லக்ஸைக்கூட எட்டாது. ஆக, ஒரே வாட்ச் ஒரே நாளில் பத்தாயிரம் மடங்கு வேறுபடும் வெளிச்சங்களைச் சந்திக்கிறது. எல்லாவற்றிலும் சமமாகத் தெரியும் டயல் என்று ஒன்று இல்லாததற்கு இதுவே காரணம். உங்கள் பட்டியலில் அதிக முறை வரும் இரண்டு வெளிச்சங்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றுக்கு ஏற்ற டயலைத் தேடுவதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

இரண்டாம் படி: முள்ளையும் டயலையும் சேர்த்துப் பாருங்கள்

முட்கள் மூன்று வகையாக வருகின்றன: வண்ணம் பூசிய முள், மெருகேற்றிய உலோக முள், கோடு கோடாகத் தேய்த்து மங்கலாக்கிய உலோக முள். கறுப்போ வெள்ளையோ பூசிய முள் எந்த வெளிச்சத்திலும் தன் நிறத்திலேயே இருக்கும். அதனால் அதைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. வெள்ளை டயலில் கறுப்பு முள், கறுப்பு டயலில் வெள்ளை முள் ஆகிய இரண்டும் எளிமையானவை, நம்பிக்கையானவை.

மெருகேற்றிய முள்தான் சிக்கலானது. அதற்கென்று ஒரு நிறம் கிடையாது. அது ஒரு சிறிய கண்ணாடி. தனக்கு எதிரே என்ன இருக்கிறதோ அதையே அது காட்டும். இதை வீட்டு மொட்டை மாடியில் நீங்களே பார்க்கலாம். மெருகேற்றிய முட்களும் வெள்ளை டயலும் உள்ள வாட்சைக் கட்டிக்கொண்டு திறந்த வானத்தின் கீழ் நின்று பாருங்கள். முள் வானத்தைப் பிரதிபலித்து வெளுத்துவிடும், வெள்ளை டயலில் வெள்ளை முள் காணாமல் போகும். பிறகு சற்றுக் குனிந்து உங்கள் தலையின் நிழல் முள்ளில் விழுமாறு பாருங்கள்; அதே முள் கரிக்கோடுபோல் கறுத்து, அழகாக எழுந்து நிற்கும். கறுப்பு டயலில் இதற்கு நேர் எதிராக நடக்கும்: வானத்தைக் காட்டும்போது முள் தெரியும், இருட்டான கூரையைக் காட்டும்போது மறையும். என் நீல டயலுக்குக் கன்டோன்மென்ட் வாசலில் நடந்ததும் இதுதான். தலைக்கு மேலே இருந்தது இருண்ட வானம். முள் அந்த இருட்டைத்தான் எனக்குக் காட்டியது.

மெருகேற்றிய முள்தான் பிடித்திருக்கிறது என்றால், நடுவில் மேடாக இருந்து இரு பக்கமும் சரிவாக இறங்கும் முள்ளைத் தேடுங்கள். ஒரு சரிவு வானத்தைக் காட்டும்போது மற்றொன்று வேறு எதையாவது காட்டும். அதனால் முள்ளின் பாதியாவது எப்போதும் டயலிலிருந்து வேறுபட்டுத் தெரியும். ஒரு பக்கம் மெருகும் மறு பக்கம் தேய்த்த மங்கலும் உள்ள முட்கள் இன்னும் மேலானவை. தட்டையான, மெல்லிய, முழுக்க மெருகேற்றிய முள்ளைத் தவிர்ப்பது நல்லது.

இங்கே நம் வீடுகளில் அடிக்கடி நடக்கும் ஒரு தவற்றையும் சொல்லியாக வேண்டும். மாப்பிள்ளைக்கு வாட்ச் எடுக்கும்போது பொன்னிற டயலும் பொன்னிற முள்ளும் பொன்னிறச் சங்கிலியுமாக எடுத்துவிடுகிறோம். நிச்சயதார்த்தப் புகைப்படத்தில் அது மங்களகரமாக இருக்கும் என்பது உண்மையே. ஆனால் பொன்னின்மேல் பொன் எந்த வெளிச்சத்திலும் படிக்கக் கடினமானது. சங்கிலியும் உறையும் பொன்னிறமாகவே இருக்கட்டும். டயலை வெள்ளையாகவோ கறுப்பாகவோ எடுங்கள், முள்ளும் குறிகளும் அதற்கு எதிர் நிறத்தில் இருக்கட்டும். மாப்பிள்ளை அதைத் திருமணத்துக்குப் பிறகும் கட்டுவார்.

நிறங்களுக்கிடையே உண்மையில் எவ்வளவு வேறுபாடு உண்டு என்று சந்தேகம் வந்தால், கைப்பேசிக் கேமராவைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றி டயலைப் படம் எடுத்துப் பாருங்கள். நிறம் போய்விட்ட பிறகும் முள் தெளிவாக நின்றால் அது நல்ல இணை. பச்சை டயலில் சிவப்பு முள் கண்ணுக்கு எடுப்பாகத் தோன்றும். கறுப்பு வெள்ளைப் படத்தில் இரண்டும் ஒரே சாம்பலாகிவிடலாம். மங்கிய வெளிச்சத்தில் நம் கண்ணும் ஏறத்தாழ அந்தப் படத்தைப்போலத்தான் பார்க்கிறது.

மூன்றாம் படி: ஒவ்வொரு நிறமும் எந்த வெளிச்சத்தில் எப்படி நடந்துகொள்கிறது

வெள்ளை டயலில் கறுப்பு முள் என்பது ரயில்வேயின் தேர்வு. அமெரிக்க ரயில்வேக்களில் 1893ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட சட்டைப்பைக் கடிகார விதிகள் வெள்ளை டயலையும் தடித்த கறுப்பு எண்களையும் கேட்டன. 1944இல் ஹான்ஸ் ஹில்ஃபிக்கர் வடிவமைத்த சுவிஸ் ரயில் நிலையக் கடிகாரமும் வெள்ளை முகத்தில் கறுப்புக் கோடுகளும் கறுப்பு முட்களும் கொண்டது. இதற்குக் காரணம் உண்டு. வெள்ளைப் பரப்பு தன்மேல் விழும் வெளிச்சத்தில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்புகிறது. அதனால் அந்தி மங்கும்போது, இருக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் திரட்டி, முள்ளை நிழலுருவாகக் காட்டிக்கொண்டே இருக்கும். மின்சாரம் போன இரவில், பூஜை அறை விளக்கின் வெளிச்சம் மட்டும் இருக்கும் வீட்டில்கூட வெள்ளை டயலில் மணி தெரிவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அதன் குறை உச்சி வெயிலில்தான்: பளபளக்கும் தூய வெள்ளை டயல் கண்ணைக் கூச வைக்கும். வெயிலில் அதிகம் அலைபவர்கள் தந்தத்தின் நிறத்தில், பளபளப்பு இல்லாத மேட் டயலாகப் பார்த்து வாங்கலாம்.

கறுப்பு டயலில் வெள்ளை முள் என்பது படைவீரர்களின் தேர்வு. இரண்டாம் உலகப் போரின் முடிவில் பிரிட்டிஷ் ராணுவத்துக்காகப் பன்னிரண்டு நிறுவனங்கள் செய்து கொடுத்த கைக்கடிகாரங்கள் அனைத்தும் கறுப்பு டயலும் ஒளிரும் முட்களும் கொண்டவை. முழு இருட்டில் ஒளிரும் பூச்சுக்குக் கறுப்பைவிடச் சிறந்த பின்னணி இல்லை. பகலிலும் மேட் கறுப்பு கண்ணைக் கூச வைக்காது. ஆனால் கறுப்பு டயலுக்கு மேலிருக்கும் கண்ணாடி முகம் பார்க்கும் கண்ணாடியாகிவிடும் தொல்லை உண்டு. அதை அடுத்த படியில் விளக்குகிறேன்.

நீலம் இன்று கடைகளில் அதிகம் தென்படும் நிறம். அதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நீல டயல் நீல ஒளியை மட்டுமே திருப்பி அனுப்புகிறது. விழும் வெளிச்சத்தில் நீலம் குறைவாக இருந்தால், திருப்பி அனுப்ப அதனிடம் எதுவும் இல்லை. பழைய சோடியம் தெருவிளக்கின் மஞ்சளில் நீலம் மிகக் குறைவு. உணவகங்களில் தொங்கவிடும் இளமஞ்சள் பல்புகளிலும் குறைவுதான். ஆகவே அந்த இடங்களில் நீலம் கறுப்பாகிறது. நகரின் பல சாலைகளில் இப்போது வெள்ளை எல்.இ.டி. விளக்குகள் வந்துவிட்டதால் இந்தத் தொல்லை குறைந்திருக்கிறது, ஆனால் தீர்ந்துவிடவில்லை. நீல டயல் வாங்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. அது கறுப்பாக மாறும் என்று தெரிந்தே, கறுப்பு டயலுக்கு எந்த முள் பொருந்துமோ அந்த முள்ளுடன், அதாவது வெள்ளை வண்ணம் பூசிய அகலமான முள்ளுடன் வாங்குங்கள் என்கிறேன்.

நீல, பச்சை டயல்கள் பெரும்பாலும் சன்ரே என்ற வகையில் வருகின்றன. டயலின் நடுவிலிருந்து விளிம்பு வரை மயிரிழை போன்ற கோடுகள் இழைக்கப்பட்டிருக்கும். விளக்கின் கீழ் விசிறிபோல் ஓர் ஒளிப்பட்டை தோன்றி, மணிக்கட்டைத் திருப்பத் திருப்ப டயலைச் சுற்றி வரும். அழகில் இதற்கு இணையில்லை. ஆனால் அந்த விசிறிக்குள் விழும் வெள்ளி முள் மறைந்துவிடும். விசிறிக்கு வெளியே இருக்கும் முள் தெரியும். இரண்டு முட்களில் ஒன்று தெரிந்து மற்றொன்று தெரியாமல் போவது இந்த வகை டயலில் அடிக்கடி நடக்கும்.

சிவப்பு முள்ளின் கதை தனியானது. செக் நாட்டு அறிவியலாளர் யான் புர்க்கின்யே, விடியற்காலை மங்கலில் சிவப்பு மலர்கள் கறுத்தும், பகலில் அவற்றைவிட மங்கலாகத் தோன்றும் நீலமும் பச்சையும் துலக்கமாகவும் தெரிவதை 1819இல் கவனித்தார். பகல் வெளிச்சத்தில் நம் கண் 555 நானோமீட்டர் அளவிலான மஞ்சட்பச்சை ஒளியை மிக நன்றாக உணர்கிறது. இருட்டில் அந்த உச்சம் 507 நானோமீட்டருக்கு, அதாவது நீலப்பச்சைப் பக்கம் நகர்ந்துவிடுகிறது. அதனால் இருள் சூழும்போது முதலில் செத்துப்போகும் நிறம் சிவப்புதான். மாலையில் கப்பன் பூங்காவில் குல்மோகர் பூத்திருக்கும் நாட்களில் நின்று பாருங்கள்: இலைகள் இன்னும் தெரியும்போதே பூக்கள் கறுத்துவிட்டிருக்கும்.

இதன் விளைவை என் சித்தியின் வாட்சில் அருகிருந்து பார்த்திருக்கிறேன். அவர் நெடுங்காலம் இரவுப் பணியில் செவிலியராக இருந்தவர். வெள்ளை டயலும் நீண்ட சிவப்பு விநாடி முள்ளும் கொண்ட சிறிய வாட்ச் கட்டியிருப்பார். விளக்கைக் குறைத்த வார்டில் நோயாளியின் நாடியை விரலால் பிடித்தபடி முப்பது விநாடி எண்ண வேண்டும். மங்கலில் அந்தச் சிவப்பு முள் கறுத்துவிடும். வெள்ளைமேல் கறுப்பாக ஓடுவதால் அது இன்னும் தெளிவாகவே தெரியும். அதே நேரத்தில் உடன் பணிபுரிந்தவரின் கறுப்பு டயல் வாட்சிலும் சிவப்பு விநாடி முள்தான். அது கறுப்பில் கறுப்பாகி, ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியாமல் போகும். அவர் எண்ணுவதற்குச் சித்தியின் கையைத்தான் எட்டிப் பார்ப்பாராம். ஒரே சிவப்பு முள்ளை ஒரு டயல் காப்பாற்றுகிறது, மற்றொன்று விழுங்கிவிடுகிறது. விநாடி பார்க்க வேண்டிய வேலையில் இருப்பவர்கள் கறுப்பு டயலில் சிவப்பு விநாடி முள்ளைத் தவிர்த்துவிடுங்கள்.

பச்சை, மெரூன் ஆகிய அடர்நிறங்களை மங்கலில் கறுப்பு என்றே வைத்துக்கொள்ளலாம். சாம்பல் டயல் கறுப்பு முள்ளுக்கும் வெள்ளை முள்ளுக்கும் பாதி வேறுபாடே தரும் என்பதால், அதை வாங்குவோர் முள் அகலமாக இருப்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். முத்துச் சிப்பி டயல் கிடைக்கும் வெளிச்சத்தையெல்லாம் பல நிறங்களாக உடைத்துக் காட்டும். அது நகையாக அணிய வேண்டியது.

எண்களால் காட்டும் டிஜிட்டல் வாட்சில், வெளிர் பின்னணியில் கறுப்பு எண்கள் உள்ளதை வாங்குங்கள். கறுப்புப் பின்னணியில் வெளிர் எண்கள் காட்டும் வகை, பொத்தானை அழுத்தி விளக்கேற்றாவிட்டால் மங்கலில் படிக்கவே முடியாது. போலரைஸ்டு குளிர்கண்ணாடி அணிபவர்கள் அதை அணிந்தபடியே சோதிக்க வேண்டும். சில கோணங்களில் திரை முழுவதும் கறுத்துவிடும்.

நான்காம் படி: மேலிருக்கும் கண்ணாடியைக் கவனியுங்கள்

டயலை நாம் நேரடியாகப் பார்ப்பதில்லை, ஒரு கண்ணாடி வழியாகப் பார்க்கிறோம். அந்தக் கண்ணாடி தன்மேல் விழும் ஒளியில் ஒரு பகுதியைத் திருப்பி நம் கண்ணுக்கே அனுப்புகிறது. சாதாரண மினரல் கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் ஏறத்தாழ 4 விழுக்காடு ஒளியைத் திருப்பும். பழைய வாட்சுகளில் இருக்கும் பிளாஸ்டிக் கண்ணாடியும் ஏறத்தாழ அவ்வளவே. கீறல் விழாது என்று கூடுதல் விலைக்கு விற்கப்படும் சஃபையர் கண்ணாடியோ ஒரு பரப்புக்கு ஏறத்தாழ 8 விழுக்காடு திருப்பும். மேல்பரப்பு, கீழ்ப்பரப்பு இரண்டையும் சேர்த்தால் ஏறத்தாழ 15 விழுக்காடு ஆகிறது. விலை அதிகமான கண்ணாடி மணியைத் தெளிவாகக் காட்டும் என்று புதியவர்கள் எண்ணுவது இயல்பு. பூச்சு இல்லாத சஃபையரைப் பொறுத்தவரை அந்த எண்ணம் சரியல்ல.

வெள்ளை டயலில் இந்தப் பிரதிபலிப்பு பெரிதாகத் தெரியாது. டயலே அதைவிடப் பல மடங்கு ஒளியை அனுப்பிக்கொண்டிருப்பதால் அது அமுங்கிவிடும். கறுப்பு டயலிலோ பரப்பின் பெரும்பகுதி இருட்டு. அந்த இருட்டில் ஜன்னலும் வானமும் உங்கள் முகமும் தெளிவாகப் படிந்துவிடும். இதற்குத் தீர்வாக, மூக்குக்கண்ணாடிக் கடையில் ஆன்டி கிளேர் என்று சொல்லும் அதே வகைப் பூச்சை வாட்ச் கண்ணாடிக்கும் போடுகிறார்கள். கறுப்பு அல்லது அடர்நீல டயலைச் சஃபையர் கண்ணாடியுடன் வாங்குவதாக இருந்தால் இந்தப் பூச்சு இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். உட்புறம் மட்டும் போட்டிருந்தாலும் பயன் உண்டு. வெளிப்புறப் பூச்சு இன்னும் தெளிவைத் தரும், ஆனால் நாளடைவில் கீறல் விழும். பூச்சு இருப்பதை நீங்களே கண்டுபிடிக்கலாம்: குழல்விளக்கின் பிரதிபலிப்பு கண்ணாடியில் விழுமாறு பிடித்தால், பூச்சு உள்ளதில் அந்தப் பிரதிபலிப்பு மங்கி, பெரும்பாலும் நீலமோ ஊதாவோ கலந்து தெரியும், இல்லாததில் வெள்ளையாகவே பளிச்சென்று இருக்கும்.

ஐந்தாம் படி: முழு இருட்டும் ‘ரேடியமும்’

இருட்டில் ஒளிரும் முள்ளை நம் ஊரில் இன்னும் ரேடியம் என்றுதான் சொல்கிறார்கள். பெயர் மட்டும் தங்கிவிட்டது. பொருள் மாறி நெடுங்காலம் ஆகிறது. உண்மையான ரேடியம் கலந்த பூச்சு கதிரியக்கம் உடையது. 1960களில் அது பெரும்பாலும் கைவிடப்பட்டது. அதன் இடத்துக்கு வந்த டிரிட்டியம் 12 ஆண்டுகளுக்குச் சற்று மேலான காலத்தில் பாதியாகக் குறைந்துவிடும். இப்போது பரவலாக இருப்பது கதிரியக்கம் இல்லாத ஸ்ட்ரான்சியம் அலுமினேட் பூச்சு. 1993இல் ஜப்பானின் நெமோட்டோ நிறுவனம் அதை உருவாக்கியது. அது தானாக ஒளிராது. வெளிச்சத்தைக் குடித்துவைத்துக்கொண்டு பிறகு சிறிது சிறிதாக விடும்.

ஆகவே முழுக்கைச் சட்டைக்குள் பகலெல்லாம் மறைந்திருந்த வாட்ச் இரவில் ஒளிரவில்லை என்றால் வாட்சில் குறை இல்லை. படுக்கும் முன் சில நிமிடங்கள் நல்ல வெள்ளை விளக்கின் அருகே வையுங்கள். மஞ்சள் பல்பைவிட, நீலம் மிகுந்த வெள்ளை எல்.இ.டி. விரைவில் ஊட்டும், பகல் வெளிச்சம் அதைவிட விரைவில் ஊட்டும். முதல் ஒரு மணி நேரத்தில் ஒளி வேகமாகக் குறையும், அதன்பின் மெதுவாகக் குறைந்துகொண்டே விடியும் வரை நீடிக்கும். விடியற்காலையில் கண் இருட்டுக்குப் பழகியிருப்பதால், அந்த மங்கிய ஒளியே போதும். கண் முழுமையாக இருட்டுக்குப் பழக இருபது முதல் முப்பது நிமிடம் ஆகும். திடீரென்று விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்து, ஒளிரவில்லை என்று முடிவு செய்யாதீர்கள்.

முக்குளிப்போருக்கான வாட்ச்சுகளின் ஐ.எஸ்.ஓ. 6425 தரம், இருட்டில் 25 செ.மீ. தூரத்திலிருந்து மணி தெரிய வேண்டும் என்று கேட்கிறது. இரவில் மணி பார்ப்பது முக்கியம் என்றால் அந்தத் தரத்துக்குச் செய்யப்பட்ட வாட்சே எளிதான வழி. ஒளிரும் பூச்சும் வேண்டும், வெள்ளை டயலும் வேண்டும் என்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அந்தப் பூச்சு பகலில் வெளிர் நிறம். கறுப்பு விளிம்பு இல்லாத ஒளிரும் முள், அந்தி வேளையில், ஒளிர்வதற்குப் போதிய இருட்டும் இல்லாமல் வேறுபாட்டுக்குப் போதிய வெளிச்சமும் இல்லாமல், வெள்ளை டயலில் மறைந்துவிடும். கறுப்பு விளிம்பிட்ட முள்ளாக இருந்தால் அந்தக் குறை இல்லை.

ஆறாம் படி: கடையில் செய்ய வேண்டிய சோதனை

முடிந்தால் பகலில் போங்கள். விளம்பரங்களில் எல்லா வாட்சும் 10:10 காட்டும். கடைக்காரரிடம் 1:50 வைக்கச் சொல்லுங்கள். இந்த இரண்டு நேரங்களிலும் முட்கள் கிட்டத்தட்ட ஒரே வடிவத்தில் நிற்கும், மணி முள்ளும் நிமிட முள்ளும் மட்டும் இடம் மாறியிருக்கும். ஒரே பார்வையில் 1:50 என்று சொல்ல முடிந்தால் முட்களின் நீளமும் அகலமும் போதிய அளவு வேறுபடுகின்றன என்று பொருள். சற்றே தயங்கினாலும், மங்கலில் அந்த வாட்ச் உங்களைக் குழப்பும்.

அடுத்து வாட்சைக் கட்டிக்கொண்டு, கடைக்காரரிடம் கேட்டுவிட்டு வாசலுக்கு வாருங்கள். நல்ல கடையில் மறுக்க மாட்டார்கள். வெயிலில் ஒரு முறை, வாசல் நிழலில் ஒரு முறை, மறு கையைக் குவித்துக் கூரைபோல் மூடி ஒரு முறை என்று பாருங்கள். பிறகு கையை வண்டியின் கைப்பிடியில் வைத்திருப்பதுபோல் நீட்டி, சாய்ந்த கோணத்தில் ஒரு முறை பாருங்கள். பைக் ஓட்டுபவர்கள் ஹெல்மெட்டைக் கையோடு கொண்டுபோய், கண்ணாடியை இறக்கிவிட்டு இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும். கறுப்புச் சாயமிட்ட ஹெல்மெட் கண்ணாடி பகலையே அந்தியாக்கிவிடும். ஒவ்வொரு முறையும் முறைத்துப் பார்க்காமல் ஒரு நொடி மட்டும் பார்த்துவிட்டு மணியை வாய்விட்டுச் சொல்லுங்கள். அன்றாடம் நாம் மணி பார்ப்பது அவ்வளவு நேரம்தான்.

வாட்ச் யாருக்காக என்பதும் இங்கே முக்கியம். வயது ஏற ஏறக் கண்மணி சுருங்குகிறது, விழிலென்ஸ் மஞ்சளாகிறது. அறுபது வயதுக் கண்ணின் விழித்திரைக்குச் சென்று சேரும் ஒளி, இருபது வயதுக் கண்ணுக்குச் சேர்வதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் என்கிறார்கள். உங்களுக்கு நன்றாகத் தெரியும் சாம்பல் டயல், அப்பாவுக்கு மாலை ஆறு மணிக்கே மங்கிவிடும். பெரியவர்களுக்கு வாங்கும்போது அவர்களையே அழைத்துச் சென்று, அவர்களுடைய மூக்குக்கண்ணாடி இல்லாமலும் ஒரு முறை படிக்கச் சொல்லுங்கள். காலையில் எழுந்ததும் அவர்கள் அப்படித்தான் மணி பார்ப்பார்கள். அவர்களுக்கு வெள்ளை டயலும் தடித்த கறுப்பு எண்களும் தடித்த கறுப்பு முட்களுமே ஏற்றவை. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. சிதறல் பார்வை (அஸ்டிக்மாட்டிசம்) உள்ளவர்களுக்குக் கறுப்பின்மேல் உள்ள வெள்ளைக் கோடு விரிந்து, பரவித் தெரியும் என்பதும் இதற்கு ஒரு காரணம்.

பழைய வாட்ச் வாங்க விரும்பினால்

1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்துடன் சேர்ந்து ஹெச்.எம்.டி. கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது இந்த ஊரில்தான். வெள்ளை டயல் ஜனதாவும் கறுப்பு டயல் பைலட்டும் இன்றும் விரும்பி வாங்கப்படுகின்றன. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இந்தக் கட்டுரை முழுவதும் உங்கள் கண்முன் இருக்கும். 2016இல் அந்தக் கைக்கடிகார நிறுவனத்தை மூட முடிவெடுத்த பிறகு பழைய வாட்ச்சுகளுக்குத் தேவை கூடியது. அதோடு, தேய்ந்த டயலை அழித்துப் புது வண்ணம் பூசி விற்பதும் கூடியது. மறுபூச்சு டயலில் எழுத்துகள் தடித்து, விளிம்பு கசிந்திருக்கும். மணிக்குறிகள் சற்றே கோணலாக இருக்கும். ஆரஞ்சு, வாடாமல்லி போன்ற கண்ணைப் பறிக்கும் நிறங்கள் இருக்கும். பழைய முள்ளையே புது நிறத்தின்மேல் பொருத்திவிடுவதால், முள்ளுக்கும் டயலுக்கும் முதலில் பார்த்துச் செய்த பொருத்தம் போய்விடுகிறது. வாங்கும்முன் லென்ஸ் வைத்து எழுத்துகளைப் பாருங்கள். பிளாஸ்டிக் கண்ணாடி கீறி மங்கியிருந்தால் கவலை வேண்டாம். மெருகேற்றியோ மாற்றியோ குறைந்த செலவில் சரிசெய்துவிடலாம், டயல் புதிதுபோல் தெளியும். ஆனால் 1960களுக்கு முந்தைய வெளிநாட்டு வாட்சில் பழுத்துப்போன ஒளிர்பூச்சு இருந்தால், அதை நீங்களே திறந்து சுரண்ட வேண்டாம். அது ரேடியமாக இருக்கலாம்.

வாங்கிய பிறகு

கடையில் எத்தனை நாட்களுக்குள் மாற்றித் தருவார்கள் என்று கேட்டு, அதை ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்த நாட்களுக்குள் ஒரு பகலில் அல்சூர் நிலையத்தில் ஊதா வழி மெட்ரோவில் ஏறி மெஜஸ்டிக் வரை போய்வாருங்கள். எம்.ஜி. சாலை வரை ரயில் மேம்பாலத்தில் ஓடும். ஜன்னல் வழியே வெயில் நேராக மணிக்கட்டில் விழும், கட்டடங்களின் நிழல் மாறி மாறி வரும். அதைத் தாண்டியதும் ரயில் கப்பன் பூங்கா நிலையத்துக்காகச் சுரங்கத்துக்குள் இறங்கும். சில விநாடிகளில் பகல் போய்ப் பெட்டியின் விளக்கு மட்டும் மிஞ்சும். அந்த மாற்றத்தின்போது டயலையே பார்த்துக்கொண்டிருங்கள்: நீலம் கறுப்பதையும், மெருகேற்றிய முள் மேலிருக்கும் விளக்கைப் பிடிப்பதையோ தவறவிடுவதையோ, கண்ணாடியில் எதிர் இருக்கைக்காரரின் முகம் வந்து படிவதையும் அங்கே பார்க்கலாம். மெஜஸ்டிக்கில் இறங்கிப் படியேறி வெளியே வருவதற்குள், வாட்சை வைத்துக்கொள்வதா மாற்றிக்கொள்வதா என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.